அவுக சொல்லுதாக

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை விடியுமுன் அன்னக்கிளிக்கு முழிப்புத் தட்டிவிட்டது. யாரும் எழுப்பவில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை எழுப்பியது வீரபாண்டியின் தொண்டைதான். "ஏட்டி, உயிரோட இருக்கியா, போய்ச் சேர்ந்துட்டியா?" என்று படுத்தபடியே ஒரு சத்தம் போடுவார். அவள் எழுந்து ஓடுவாள். எதற்காக எழுகிறோம் என்று அவள் யோசித்ததே இல்லை. சத்தம் கேட்டது, எழுந்தாள். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தொண்டை அடைத்துக் கிடக்கிறது. அன்னக்கிளியோ கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவள் போல இருட்டோடு எழுந்து, குளித்து, தலையில் ஈரத்துண்டோடு அடுப்படியில் நிற்கிறாள். இன்றைக்கு யார் வருவார்கள், அவரிடம் என்ன கேட்பார்கள், அவர் என்ன சொன்னதாகத் தான் சொல்லலாம் என்று நினைக்கும்போதே அவளுக்கு நெஞ்சு குளிர்கிறது.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் காலெடுத்து வைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

வீரபாண்டி ஆடு, மாட்டுத் தரகர். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சந்தைகளில் அவர் கை படாமல் ஒரு கயிறு கை மாறாது என்று பெயர். பங்குனியில் ஒரு சந்தை நாளில், பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. "கேக்கறது எல்லாம் அவருக்கு விளங்குது. நினைப்பும் தெளிவா இருக்கு. வாய்க்குத்தான் வார்த்தை வரலை" என்றார் திருநெல்வேலி டாக்டர். அந்த வாயில் வந்ததெல்லாம் 'ப்பூ', 'ங்ஙா' என்று இரண்டு மூன்று சத்தங்கள்.

முதல் நாள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் 'ங்ஙா' என்றார். எல்லோரும் விழித்தார்கள்.

"தண்ணி கேக்காக" என்றாள் அன்னக்கிளி.

கொடுத்தார்கள். குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து 'ப்பூ' என்றார்.

"ஃபேனைக் குறைக்கச் சொல்லுதாக."

குறைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்மாடி, இவளுக்கு மட்டும் எப்படி வெளங்குதுன்னு பாரேன்!" என்று வியந்தது வேறு யாருமில்லை, வீரபாண்டியின் அக்கா முத்துமாரிதான்.

அத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டம் அவள் முகத்தைப் பார்த்து அவள் சொல்லுக்குக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் அவள் வாயைத் திறந்தாலே, "இவகிட்ட என்னத்தக் கேக்க, பல்லைப் பார்த்தாலே தெரியலையா?" என்பார் வீரபாண்டி. ஆட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "நாலு பல்லுத் தாண்டின உருப்படியில்லா இது, பார்த்துச் செய்ங்க மாமா" என்று அவள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்த மனுஷன். அவள் பிள்ளை பெற்ற பிறகும், அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. விருந்தாளி வந்தால் அதைத்தான் முதலில் பரிமாறுவார்.

ஐந்தாம் நாள் அவர் மறுபடி 'ப்பூ' என்றபோது என்ன கேட்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. போர்வை கேட்டார். காலடியில் கிடந்த போர்வையைத்தான் பார்த்தார்.

"என் தம்பி வேல்ராஜை வரச் சொல்லுதாக" என்றாள் அன்னக்கிளி.

வேல்ராஜ் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று வீரபாண்டி விரட்டிவிட்டுப் பல வருஷமாயிற்று. கூட்டம் உச்சுக்கொட்டியது. "சாகக் கிடக்கையில மனசு இளகிட்டு பாரு" என்றது. வீரபாண்டி கழுத்து நரம்பு புடைக்க 'ப்பூ, ப்பூ' என்று கத்தினார்.

"உடனே வரச் சொல்லுதாக" என்றாள்.

தான் எதற்காகப் பிறந்தோம் என்று சிலருக்குக் கோவிலில் நிற்கும்போது தெரிகிறது. சிலருக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது தெரிகிறது. அன்னக்கிளிக்கு அது ஆஸ்பத்திரி வார்டில், போர்வை கேட்டு நடுங்குகிற ஒரு மனுஷனின் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு அவள் போர்வையை எடுத்துக் கொடுக்கவே இல்லை.

அதன்பிறகு வீரபாண்டி நிறையச் சொன்னார். கொட்டிலில் நின்ற ஆடுகளை விற்கச் சொன்னார். வாசலைப் பார்த்த அறை வேண்டாம், கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்று என்றார். கடைசியாக, அக்கா மகன் செல்வக்குமாருக்குத் தன் மகள் காவியாவைக் கொடுப்பதாகச் சிறு வயதிலிருந்தே பேசி வைத்திருந்ததை முறித்துவிடச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் முத்துமாரிக்குச் சுருக்கென்றது. ஒரு மாசம் பொருமிக்கொண்டிருந்துவிட்டுப் போன் போட்டாள். "என் தம்பி வாயில இது வராது. வெள்ளிக்கிழமை வாரேன். அவனையே நேராக் கேட்டுட்டு, குருவிகுளத்துக்கு எங்கூடக் கூட்டிட்டுப் போறேன்" என்று போனைத் துண்டித்தாள். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம். அந்த வெள்ளிதான் விடிந்திருக்கிறது.

*

பதினோரு மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. முத்துமாரி இறங்கினாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பின்னாலேயே, தோளில் துண்டோடு சண்முகையா. வீரபாண்டியோடு சந்தை சந்தையாக அலைந்த இன்னொரு தரகர் அவர்.

"வாங்க மைனி. வாங்க அண்ணாச்சி" என்றாள் அன்னக்கிளி.

"வாரோம், வாரோம்." முத்துமாரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டிலு எங்கட்டி?"

"பின்னாடி. வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு அவுகதான் சொன்னாக."

"சந்தைப் பொட்டல்ல வெயில்ல நின்னே கருத்தவனுக்கு வெளிச்சம் குத்துதாக்கும்!"

பின்கட்டு அறையில் ஒரு சன்னல்தான். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வீரபாண்டி முகம் மழித்து, நெற்றியில் திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டிக் கிடந்தார். முத்துமாரி முதல் வேலையாகத் தம்பியைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். படுக்கைப்புண் இல்லை. குதிகாலைப் பார்த்தாள். நகம் வெட்டியிருந்தது. தலையணையை மோந்துகூடப் பார்த்தாள். சோப்பு வாசம்தான் அடித்தது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அவரைப் பார்த்துக்கொள்வதில்தான் அன்னக்கிளியின் பலமே இருந்தது.

"எய்யா வீரபாண்டி, அக்கா வந்திருக்கேன்யா."

வீரபாண்டியின் கண் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. 'ங்ஙா… ப்பூ…'

"அக்கா சாப்பிட்டாளான்னு கேக்காக."

"நீ சும்மா இருட்டி! நான் அவங்கிட்டப் பேசுதேன்."

"பேசுங்க மைனி. அவுக பதிலை யாரு சொல்ல?"

"ஏன், அவன் வாயை வாடகைக்கு எடுத்திருக்கியோ?"

"ஆஸ்பத்திரியில நீங்கதான சொன்னீக, இவளுக்கு மட்டும்தான் வெளங்குதுன்னு."

முத்துமாரி பொட்டலத்தைப் பிரித்தாள். கோவில் புற்றுமண். தண்ணீரில் குழைத்துத் தம்பியின் தொண்டையில் பூசினாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். "கோமதித் தாயே, என் தம்பிக்கு நாக்கைக் குடு" என்று கும்பிட்டாள். பிறகு வேண்டாவெறுப்பாக, "நீயும் சாயங்காலமானா ஆடிச்சுற்றுச் சுத்துதியாமே. புருஷனுக்குப் பேச்சு வரணும்னு நேந்திருக்கான்னு ஊரே சொல்லுது" என்றாள்.

"ஆமா மைனி."

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாளிலிருந்து, கூட்டம் கூட்டமாகக் கோவிலைச் சுற்றுகிற பெண்களோடு அவளும் சுற்றுகிறாள். சங்கரன்கோவிலில் அது எல்லோரும் செய்வதுதான். அம்மனிடம் அவள் என்ன கேட்டாள் என்பது அம்மனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். 'இப்படியே வச்சிரு தாயே' என்றுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்லிக்கொண்டு போனாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காவியா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். காலை ஷிப்ட் முடித்து, வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வாங்க அத்தை."

"வாம்மா மருமவளே! மருமவள்னு இனிமே கூப்பிடலாமா கூடாதா, உங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு. அவதான் இப்ப இந்த வீட்டுல எல்லாருக்கும் வாயி."

காவியா கோட்டை ஆணியில் மாட்டினாள். அப்பாவின் தொண்டையில் காய்ந்துகொண்டிருந்த மண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கதவில் சாய்ந்துகொண்டாள்.

"இங்க பாரு அன்னம்" என்று முத்துமாரி முந்தானையைச் செருகிக்கொண்டாள். "சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. இவனை இன்னைக்கே எங்கூடக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல முன்வாசல்ல கட்டிலைப் போட்டு, போறவன் வாறவன் எல்லாம் பார்க்க வச்சிருப்பேன். நீ நிம்மதியா இரு."

அன்னக்கிளி புருஷனைப் பார்த்தாள்.

அவர் போய்விட்டால்? நாளைக்கு இருட்டோடு எழுந்து அடுப்படியில் நின்று எதை நினைத்து நெஞ்சு குளிர்வது? அவளிடம் யார் வந்து என்ன கேட்பார்கள்? மறுபடியும் அவள் ஒரு மூலையில் காப்பி ஆற்றிக்கொண்டு நிற்பாள். சொந்தக்காரர்கள் அவளைத் தாண்டிப் பேசுவார்கள். முன்பு வீரபாண்டி அவளைப் பார்த்துச் சிரிக்கவாவது செய்தார். இனி அதற்கும் ஆள் இருக்காது.

அவள் கட்டில் பக்கம் குனிந்தாள். "ஏங்க, மைனி கூப்பிடுதாக. கேட்டீகளா? குருவிகுளத்துக்குப் போறீகளா?"

'ப்பூ.'

"இந்த வீட்டை விட்டு எங்கயும் வரலைன்னு சொல்லுதாக."

"அவன் ப்பூன்னான். அதுல வீடு எங்கட்டி இருக்கு, வரலை எங்கட்டி இருக்கு?"

"எனக்கு வெளங்குது மைனி. உங்களுக்கு வெளங்கலைன்னா நான் என்ன செய்ய?"

அப்போதுதான் சண்முகையா தொண்டையைச் செருமினார்.

"எக்கா, எங்க தொழில்ல வாயால பேசுததே கம்மி" என்றார். "துண்டுக்குள்ள கேட்டுப் பார்ப்போம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில்தான். இவர் கையும் அவர் கையும் துணிக்குள் இருக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதில் பேச்சு நடக்கும். சுற்றி நிற்கிறவனுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளே பேசியதைத் தரகன் செத்தாலும் வெளியே சொல்ல மாட்டான்.

"வெளிய சொல்லுத வழக்கம் கிடையாது. இன்னைக்கு ஒருநாள் சொல்லுதேன்" என்று கட்டிலில் உட்கார்ந்து, வீரபாண்டியின் இடது கைமேல் துண்டைப் போட்டு, தன் கையை உள்ளே விட்டார்.

இத்தனை நாளில் அந்த இடது கையின் நினைப்பு அன்னக்கிளிக்கு வரவே இல்லை. அதைத் தினமும் அவள்தான் கழுவினாள்.

"ஏ மாப்ளே, முதல்ல ஒரு சோதனை. நீ விழுந்தியே, அன்னைக்கு ராயகிரிக்காரர் பிடிச்சிட்டு வந்த பசு எத்தனாவது ஈத்து?"

துண்டு அசைந்தது.

"மூணு. மூணாவது கன்னு" என்றார் சண்முகையா. "சரியாச் சொல்லுதான். ஆளு தெளிவாத்தான் இருக்கான். இப்ப கேளு. அக்காகூடப் போறதுன்னா என் ஒரு விரலைப் பிடி. இங்கனயே இருக்கதுன்னா ரெண்டு விரலைப் பிடி."

துண்டின் ஓரம் மெல்ல எழும்பித் தணிந்தது. சண்முகையாவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அந்த முகத்துக்குத்தான் சந்தையில் அவருக்குக் கூலி. மறுபடியும் கேட்டார். மறுபடியும் துண்டு அசைந்தது.

"ரெண்டு" என்றார். "இங்கனயே இருக்கானாம்."

"பொய்!" என்று கத்தினாள் முத்துமாரி. "நீயும் இவளும் பேசி வச்சிருக்கீங்களாவே?"

"நீயே கையைக் குடுத்துப் பாரு."

முத்துமாரி அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, துண்டுக்குள் கையை நுழைத்தாள். "எய்யா, அக்காய்யா. அக்கா வீட்டுக்கு வாரியா?"

துண்டு அசைந்தது. பிறகு கையை வெளியே இழுத்து, சுடுதண்ணீர் பட்டதுபோல மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிவந்திருந்தன.

"என் வீட்டுச் சோறு உனக்கு வேண்டாமாய்யா?" என்று தம்பியைக் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்பிட்டுப் போங்க மைனி. இலை போட்டாச்சு" என்றாள் அன்னக்கிளி. குரலில் இருந்த இனிப்பை அவளால் மறைக்க முடியவில்லை.

"உன் கையால பச்சைத் தண்ணி குடிச்சா நான் மனுஷி இல்லை. நல்லா இரு. அவனை வச்சு நீ நல்லா இரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துமாரி ஆட்டோவில் ஏறினாள். சண்முகையா மட்டும் வாசலில் தயங்கினார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத. உம்மேல உள்ள பாசத்துல அவன் இருக்கேன்னு சொல்லலை."

"பொறவு?"

"பிடியில தெரியும்லா. இந்தச் சந்தையில விக்க மாட்டேன், எனக்குன்னு ஒரு சந்தை வருது, அதுவரைக்கும் உருப்படியை வச்சிருக்கேன்னு சொல்லுதவன் பிடிக்கிற பிடி அது. என்னத்துக்கோ காத்திருக்கான். பார்த்துக்கோ."

*

ஜெயித்தாயிற்று. சந்தோஷமாக இருக்க வேண்டும். அன்னக்கிளி பின்கட்டுக்கு வந்து கட்டிலருகே நின்றாள்.

"எதுக்கு இருக்கேன்னு சொன்னீக?"

வீரபாண்டி அவளைப் பார்த்தார். உதட்டின் இடது ஓரம் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

இந்த நாலு மாதத்தில் அவர் கேட்டது எதுவும் அவளுக்கு விளங்காமல் போனதே இல்லை. வேறாக மாற்றிச் சொன்னாளே தவிர, உள்ளே அவருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சரியாகத் தெரிந்துதான் வைத்திருந்தாள். தெரிந்து சொல்வதில்தான் ருசியே இருந்தது. இந்தச் சிரிப்புக்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை.

"என்னம்மா சொல்லுதாக?" என்று கதவருகிலிருந்து கேட்டாள் காவியா. "எங்களுக்கும் சொல்லேன்."

அன்னக்கிளி திரும்பினாள். மகளின் கையில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி சொல்லித் தந்த பெண் கொடுத்த கண்ணாடி அது. அவர் முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டைச் சேர்த்து 'மா' சொல்லுங்க, 'பா' சொல்லுங்க என்று தினமும் சொல்லவைக்க வேண்டும். ஆரம்பத்தில் அன்னக்கிளி செய்யத்தான் செய்தாள். ஒருநாள் 'மா' என்று கொஞ்சம் தெளிவாகவே வந்தது. அன்றைக்குக் கண்ணாடியைத் துணியில் சுற்றி பீரோவின் தலையில் போட்டாள். அதன்பிறகு எடுக்கவில்லை.

"அதை எதுக்கு எடுத்தே?"

"கொடி ஏறின அன்னைக்கே எடுத்துட்டேன். நீ தினமும் சாயங்காலம் கோவிலைச் சுத்தப் போறேல்லா, அந்த நேரம் முழுக்க எனக்கும் அப்பாவுக்கும் இதுதான் வேலை."

அன்னக்கிளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வார்த்தை வந்துட்டும்மா. தபசு அன்னைக்குச் சொந்தக்காரங்க எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான சாப்பிட வருவாக. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்கப்பான்னு சொல்லியிருக்கேன். கூட்டம் கூடட்டும்னு அப்பாவும் காத்திருக்காக. குருவிகுளத்துக்குப் போனா யாரு சொல்லிக் குடுப்பா? அதான் ரெண்டு விரல்."

"என்ன நாலு வார்த்தை?"

"எல்லாரும் கேக்கையில நீயும் கேளு."

"ஏட்டி, நீ என் வயித்துல பிறந்தவதான? இந்த ஆளு என்னை என்ன பாடு படுத்துனாருன்னு நீ பார்க்கலையா?"

"பார்த்தேன். அப்பாவைப் பிடிச்சா இதைச் செய்யுதேன்? எனக்கு உன்னைப் பிடிக்கலைம்மா. அதுக்குச் செய்யுதேன்."

குரல் ஏறவே இல்லை. லேபில் பெயர் வயசு கேட்கிற குரலில்தான் காவியா பேசினாள்.

"நான் உனக்கு என்னடி செஞ்சேன்? அந்தச் சம்பந்தத்தை முறிச்சது யாருக்காக? அந்தக் குடும்பத்துல போய் நீயும் என்னை மாதிரி வாயில்லாமக் கிடந்து சாகக் கூடாதுன்னுதான?"

"என்னைக் கேட்டியா?"

அன்னக்கிளி கட்டில் விரிப்பை நீவினாள்.

"ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கையிலகூட, எடுக்கட்டுமான்னு கேட்டுட்டுத்தான் நான் ஊசியைக் குத்துதேன். எனக்கு செல்வக்குமாரைப் பிடிக்கும்மா. சின்னதுலயிருந்து பிடிக்கும். நீ அப்பா சொல்லுதாகன்னு அத்தைக்குப் போன் போட்டியே, அன்னைக்கு அவன் எனக்குப் போன் பண்ணினான். நான் எடுத்து என்ன சொல்ல? எங்கம்மா பொய் சொல்லுதான்னு சொல்லவா? நான் எடுக்கலை. பொறவு அவனும் விட்டுட்டான். இப்ப ஆவணியில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு புளியங்குடி."

"மைனி ஒண்ணும் சொல்லலையே…"

"கூடப்பிறந்தவனுக்காகச் சண்டை போட வந்தவ, மகனுக்கு வேற பொண்ணு பார்த்தாச்சுன்னு உங்கிட்டச் சொல்லிட்டு இருப்பாளா? அப்பா இருக்கையில அப்பா பேசுனாக, நான் கேட்டேன். இப்ப நீ பேசுதே, கேட்டுட்டு இருக்கேன். நாலு மாசமா விடியுமுன்னே பாட்டு முணுமுணுத்துக்கிட்டு எந்திரிக்கியே, எனக்குத் தெரியாதா? எனக்கும் காலையில எந்திரிக்க ஒண்ணு வேணும்லா. இப்ப இருக்கு."

கட்டிலில் வீரபாண்டி மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தையில் இரண்டு பேர் கயிற்றுக்கு மல்லுக்கட்டும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. உதட்டின் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

அன்னக்கிளி அழவில்லை. மகளைக் கட்டிப்பிடித்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அதைச் சொல்ல வாய் பழகியிருக்கவில்லை. பழகியிருந்தது வேறொன்று. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவள் மனசு கணக்காக வேலை செய்தது. தபசுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அங்கே போனால் அவருக்குத் தபசுக் கூட்டமும் கிடையாது, கண்ணாடி பிடிக்கக் காவியாவும் கிடையாது. குருவிகுளம் பஸ் இன்னும் புறப்பட்டிருக்காது.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மைனி, பஸ் ஏறிட்டீகளா?"

"உனக்கு என்னட்டி இப்ப?" முத்துமாரியின் குரலில் அழுகை இன்னும் காயவில்லை. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைந்தது.

"ஏறாதீங்க மைனி. நீங்க போனதிலயிருந்து அவுக ஒரே அழுகை. என்னால பார்க்க முடியலை. அக்காகூடவே போறேன்னு சொல்லுதாக."

"எம்மா!" என்றாள் காவியா.

"இன்னைக்கே போகணுமாம். தபசு கழியட்டும்னு சொன்னேன், கேக்க மாட்டேன்காக. ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வாங்க. நான் துணிமணியை எடுத்து வைக்கேன்."

"எனக்குத் தெரியும்ட்டி! என் தம்பி என்னை விட்டுட்டு இருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்!" முத்துமாரி போனிலேயே ஓவென்று அழுதாள். "இந்தா வாரேன்யா, வாரேன்!"

வீரபாண்டியின் முகத்திலிருந்து சிரிப்பு வழித்தெடுத்ததுபோலப் போயிற்று. இடது கை கட்டில் விளிம்பை இறுக்கியது. உதடுகள் கூடின. விலகின. மறுபடியும் கூடின. கண்ணாடியைப் பார்த்துச் செய்கிற மாதிரியே, நிதானமாக, பாடுபட்டு.

"மாட்… டேன்."

தெளிவாக வந்தது. சந்தை நடுவில் கேட்ட பழைய குரல்தான். வீரபாண்டியே தன் குரலைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

போனில் அழுகை நின்றது.

"யாருட்டி அது?" என்றாள் முத்துமாரி. "இப்ப அங்கன பேசினது யாரு?"

"டிவி, மைனி" என்றாள் அன்னக்கிளி. "இருங்க, சத்தத்தைக் குறைக்கேன்."

ஒரு கையில் போனைப் பிடித்தபடியே கட்டில்மேல் சாய்ந்து, மறுகையின் உள்ளங்கையைப் புருஷனின் வாயில் வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் மறுபடியும் கூடின. அடுத்த வார்த்தை அங்கே திரள்வது அவளுக்குத் தெரிந்தது. அது எந்த வார்த்தை என்றுதான் தெரியவில்லை.

காவியா கண்ணாடியைக் கட்டிலில் போட்டுவிட்டு, போனைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.